வெள்ளவத்தைக் கடலோர வீடும் உப்புக்காற்றும்: நீண்ட கால அனுபவம்

மட்டக்களப்பில் இருக்கும் நண்பர் ஒருவர், மகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு கொழும்புக்கு வர நினைக்கிறார். இரண்டு வீடுகள் அவருடைய பார்வையில் இருக்கின்றன. ஒன்று வெள்ளவத்தையில் கடல் தெரியும் தொடர்மாடி வீடு. மற்றது பத்தரமுல்லைப் பக்கம், சதுப்பு நிலத்தின் ஓரத்தை மண்ணிட்டு நிரப்பிப் புதிதாகக் கட்டியது. எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். வெள்ளவத்தைக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியைக் கழற்றி இறக்கிய வாரத்தில் அந்தக் கேள்வி வந்தது. பதிலில் சூடு இருந்தால் அதுதான் காரணம்.

அந்தப் பெட்டியின் பின்புறத்தில் மெல்லிய அலுமினியத் தகடுகளை வரிவரியாக நெருக்கி அடுக்கியிருப்பார்கள். விரல் பட்டதும் அவை பொரிந்து வெண்தூளாகக் கொட்டின. பெட்டியைச் சுவரோடு தாங்கியிருந்த இரும்புச் சட்டம் அடுக்கடுக்காக உரிந்து கையோடு வந்தது. திருத்த வந்தவரால் ஒரு திருகாணியைக்கூடத் திருப்ப முடியவில்லை. எல்லாவற்றையும் வெட்டித்தான் எடுத்தார். விற்ற கடையில் உத்தரவாத அட்டையை நீட்டினோம். கடற்காற்றால் வரும் துருவுக்குப் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். இத்தனைக்கும் மரைன் டிரைவ் என்ற கடற்கரை வீதி முகவரியை எழுதி வாங்கி, அவர்களே கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போன ஏசி அது. விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வெள்ளவத்தையில் கடை, கோயில், பஸ், ரயில் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தரகர் சொல்லாதது உப்பு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கிறது. ரயில் பாதையைக் காக்கப் போட்ட கருங்கற்களில் அலை மோதிச் சிதறும் நுண்துளியெல்லாம் வீட்டுக்குள் வந்து சேர்கிறது. காலையில் துடைத்த ஜன்னல் கண்ணாடியில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். சுவிச்சுக்குள் இருக்கும் செப்புப் பாகங்கள் பச்சை பூக்கின்றன. கதவுக் கீல் முனகத் தொடங்கி, பிறகு இறுகிவிடுகிறது. துருப்பிடிக்காத உருக்கு என்று நம்பிப் பல்கனிக்குப் போட்ட 304 ரகக் கம்பிகளில்கூட ஒரே பருவத்தில் தேநீர் நிறத்தில் கறை ஏறிவிட்டது. மொலிப்டினம் கலந்த 316 ரகம்தான் இங்கே தாக்குப்பிடிக்கிறது. அதன் விலை வேறு. இவற்றையெல்லாம் மாற்றலாம். மாற்ற முடியாதது கொங்கிரீட். உப்பு உள்ளே இறங்கியதும் கம்பி துருவேறிப் பருக்கிறது, பருத்த கம்பி சீமெந்தை உள்ளிருந்தே வெடிக்க வைக்கிறது. எங்கள் கட்டடத்தின் கடல் பக்கத் தூண் ஒன்றில் அந்த வெடிப்பு நெடுக ஓடுகிறது. அதன் மேல் பூச்சுப் பூசி வர்ணம் அடித்துவிட்டுப் போனார்கள். மறு மழைக்கு அதே இடத்தில் பழுப்புக் கோடு மீண்டும் இறங்கியது.

கரைக்கு இணையாக ஓடும் காலி வீதியைக் கடந்து, உட்பக்கமாக டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைக்குள் போனால் கதையே வேறு. அங்கே என் மைத்துனர் வீட்டில் அதே ரக ஏசி இன்னும் முதல் சட்டத்திலேயே தொங்குகிறது. நடுவே நிற்கும் கட்டடங்கள் உப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. கடலோரத்தின் வசதியைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை. வெயில் சாய்ந்த பிறகு பல்கனிக் கதவைத் திறந்தால் ஏசி தேவையே இல்லாத காற்று வருகிறது. அம்மாவுக்குப் பல்கனி நாற்காலியை விட்டு எழ மனம் வருவதில்லை.

ஆனால் இந்த நகரத்தில் என்னை உண்மையாகவே மகிழ்வித்தது கடல் அல்ல, சதுப்பு நிலம். நாங்கள் வாங்கும்போது அது என் கணக்கிலேயே இருக்கவில்லை. கோட்டேயில் இருக்கும் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் விடியற்காலையில் மரப்பாலத்தின் மீது நடந்து பாருங்கள். நீலத் தாழைக்கோழி ஒன்று நாணல் தண்டை ஒற்றைக் காலால் பிடித்து, அலகால் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் தின்னும். அதன் காலில் நகம் நகமாகத் தெரியும் தூரத்தில் நிற்கலாம். நாடாளுமன்றத்தைச் சுற்றிய இந்தச் சேற்றில் மீன்பிடிப் பூனைகள் வாழ்கின்றன. பணக்கார வீடுகளின் தொட்டிகளில் வளரும் அலங்கார மீன்களை இரவில் வந்து பிடித்துக்கொண்டு போகின்றன. தெஹிவளைக்குப் பின்னால் இருக்கும் பெல்லன்வில-அத்திடிய சதுப்பு 1990இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சார் சாசனம் முதன்முறையாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. தென்னாசியாவிலிருந்து வேறொரு நகரம் அந்த முதல் பட்டியலில் இருக்கவில்லை. இந்த நகரத்தில் இருப்பவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை தரும் காரியங்களில் இது முதலாவது.

நண்பரின் இரண்டு வீடுகளையும் ஒரே தண்ணீர் இணைக்கிறது. பத்தரமுல்லையிலும் கோட்டேயிலும் பெய்யும் மழை தியவன்னா ஏரியில் தேங்கி, கிருலப்பனைக் கால்வாய் வழியாக வந்து, பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே கடலில் விழுகிறது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து கால்வாயின் வாயில் குவித்துவிடும். பிறகு பெக்கோ என்ற மண் அள்ளும் இயந்திரம் வந்து மணல்மேட்டை வெட்டும். முதலில் ஒரு சாண் அகலத்துக்குக் கசியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரு கரை மணலும் சரிய, கறுத்த தண்ணீர் பிளாஸ்டிக் போத்தல்களையும் நீர்ப்பாசியையும் தள்ளிக்கொண்டு கடலுக்குள் பாயும். நாற்றம் எங்கள் மாடி வரை ஏறும். அந்த வாய் அடைத்திருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும்? சதுப்பில்தான் நிற்கும். சதுப்பு இல்லாவிட்டால் வீடுகளுக்குள் நிற்கும்.

1992 ஜூன் 4ஆம் தேதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. இவ்வளவுக்குப் பிறகும் லொறி லொறியாகக் கிறவல் மண்ணைக் கொட்டிச் சேற்றை நிரப்பி, அதன் மேல் வீடு கட்டி, ‘இயற்கை எழில் சூழ்ந்த’ என்று விளம்பரம் செய்கிறார்கள். எந்த எழிலைக் காட்டி விற்கிறார்களோ அதைத்தான் அந்த வீடு புதைத்திருக்கிறது. நிரப்பிய இடம் முன்பு ஏந்தியிருந்த தண்ணீர் மாயமாகிவிடாது, பள்ளத்தில் இருப்பவரின் வீட்டுக்குள் போகும். கொழும்பில் பள்ளத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கால்வாய்க் கரைகளில் பலகை வீடு கட்டி வாழும் ஏழைகள். டெங்குவுக்குச் சதுப்பைக் குற்றம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நுளம்பு பெருகுவது டயரிலும் சிரட்டையிலும் கூரைப் பீலியிலும் தேங்கும் தெளிந்த நீரில். சதுப்பிலாவது நுளம்புப் புழுவைத் தின்ன மீன்கள் இருக்கின்றன.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பதில்: வெள்ளவத்தையை வாங்குங்கள். இவ்வளவு நேரம் கடலோரத்தைத் திட்டிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று அவர் திகைத்தார். உப்பு என் ஏசியையும் என் ஜன்னலையும் தின்கிறது. அது என் செலவு, நான் கட்டிக்கொள்கிறேன். சதுப்பை மண்ணிட்டு மூடிக் கட்டிய வீட்டின் செலவை முகம் தெரியாத இன்னொரு குடும்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டுகிறது. தாழைக்கோழியைப் பார்க்கப் பஸ்ஸில் போய்வரலாம், அதன் கூட்டின் மேல் குடியிருக்க வேண்டியதில்லை.

வாங்குவதானால் காலி வீதிக்கு உட்பக்கமாகத் தேடுங்கள். கடல் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஜூலையில் வந்து பாருங்கள். ஜனவரியில் காற்றும் கடலும் சாதுவாக இருக்கும், ஒன்றும் தெரியாது. வரவேற்பறையை விட்டுவிட்டு முதலில் மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியின் அடிக் கம்பிகளைப் பாருங்கள். கடல் பக்கத் தூண்களில் பழுப்புக் கோடு இருக்கிறதா, புதுப் பூச்சு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஏசிப் பெட்டியை உள்முற்றப் பக்கம் மாட்ட இடமிருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வசதியான இடமாக அது இருக்க வேண்டும். கட்டடத்தின் பராமரிப்புக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு நடங்கள்.