கசிவு நின்ற பின்னும்: ஒரு பக்கவாத சிகிச்சைப் பிரிவு பற்றிய மதிப்புரை

மதுரையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனை இது, பெயரைத் தவிர்க்கிறேன். இடப்பக்கம் செயலிழந்து பேச்சுக் குழறிய நிலையில் என் தாயாரை அங்கே கொண்டு சேர்த்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 210 இருந்தது. அரை மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் ரத்தக்கசிவு என்று உறுதி செய்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் அழுத்தத்தை 140-க்கு அருகே இறக்கிவிட்டார்கள். முதல் சில மணி நேரங்களில்தான் கசிவு பெருகி ரத்தக்கட்டி வளரும் அபாயம் அதிகம் என்பதால், அந்த வேகத்துக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

குறை நான்காம் நாளில் தொடங்கியது. கட்டி வளரவில்லை என்று இரண்டாவது ஸ்கேனில் தெரிந்ததும், "ரத்தம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை" என்று கூறிப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அது பாதி உண்மைதான். கட்டி அழுத்துவதால் உடனே சாகும் நரம்பணுக்கள் ஒரு பங்கு; கசிவு நின்ற பிறகு சாகின்றவை மற்றொரு பங்கு. தேங்கிய ரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் அடுத்தடுத்த நாள்களில் உடைந்து ஹீமோகுளோபினைக் கொட்ட, அது சிதையும்போது இரும்பு வெளிப்படுகிறது. ரத்தசோகைக்காக முருங்கைக்கீரையிலும் பேரீச்சையிலும் நாம் தேடும் அதே இரும்புதான். கட்டுப்பாடின்றிக் கிடக்கையில் அது, பழைய எண்ணெய் காறிப்போவதைப் போல, அணுச்சவ்வின் கொழுப்பைக் கெடுக்கிறது. குளுட்டாதயோன் என்னும் காப்புப்பொருள் தீர்ந்த அணுவின் சவ்வு சிதைந்து, அணு மடிகிறது. இவ்வகைச் சாவுக்கு 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபெராப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். ரத்தம் உறையும்போது உருவாகும் திராம்பின் என்னும் நொதியும், அழற்சியும் தம் பங்குக்குச் சேதம் செய்கின்றன. கட்டியைச் சுற்றிய வீக்கம் ஒரு வாரத்தைக் கடந்தும் கூடிக்கொண்டு போகலாம்.

தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களின் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றப் பல்லாண்டுகளாகப் பயன்படும் டெஸ்பெரிஆக்சமின் மருந்தை மூளை ரத்தக்கசிவு நோயாளிகளிடமும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான முடிவுகள் அது பாதுகாப்பானது என்று காட்டினவே ஒழிய, 90 நாள் கழித்து எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. ஆகவே இந்த இரண்டாம் கட்டச் சேதத்தை நிறுத்த வார்டில் தனி மருந்து கிடையாது. காய்ச்சலை அடக்குவதும், சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளப்பதும், நினைவு மங்குகிறதா என்று விடாமல் கவனிப்பதுமே சிகிச்சை. எங்களுக்கோ, ஐந்தாம் நாள் இரவு காய்ச்சல் 102 டிகிரி ஏறியதை நாங்கள்தான் செவிலியரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அழுத்தக் குறிப்பேட்டில் ஏழு மணி நேரத்துக்கு ஒரு பதிவும் இல்லை. பணி மருத்துவர் வந்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது வீக்கம் கூடியிருந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிட்டால் மருந்தை ஏற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே திரும்ப அழைத்துச் சென்றார்கள்.

பிசியோதெரபி சிறப்பு, உணவகம் சுமார். அவசரப் பிரிவுக்கு ஐந்துக்கு ஐந்தும் வார்டுக்கு இரண்டும் கொடுப்பேன். மூளைக் கசிவு என்றால் அங்கே தயங்காமல் செல்லலாம். பொது வார்டுக்கு மாற்றும் நாளில் மட்டும், இரவில் எத்தனை மணிக்கொரு முறை வந்து பார்ப்பார்கள் என்பதைக் கேட்டு, நோயாளியின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.