தனித்தனிச் சபைகளா, கூட்டுக் குரலா?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, குமரிக் கடற்கரையில் எந்த வீட்டு ஆள் கரை திரும்பவில்லை என்பது பக்கத்து மடத்துச் சகோதரிக்குத் தெரியும். ஒரு துறவறச் சபை ஓர் ஊரில் தனித்து உழைப்பதன் பலம் இந்த நெருக்கம்தான். அழுகிற தாயின் அருகில் உட்காருவதற்கு எந்தக் கூட்டமைப்பும் தேவையில்லை. ஆனால் அந்தச் சகோதரிக்கு இடமாற்றம் வந்தால், தொடங்கிய பணி பல நேரம் பாதியில் நின்றுவிடுகிறது.

மணல் விவகாரம் வேறு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர ஊர்கள் எதிர்க்கின்றன. அந்த மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. அதை யார், எதற்காகத் தோண்டுகிறார்கள் என்ற கேள்வி தூத்தூர் போன்ற ஒரு கடலோர ஊரோடு முடிவதில்லை. இங்கே ஒற்றை மடத்தின் மனு போதாது. 2000இல் இரண்டு துறவறச் சபைகள் சேர்ந்து தொடங்கிய ‘விவாட் இன்டர்நேஷனல்’ ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தில் ஆலோசனைத் தகுதி பெற்றது. நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் அது பேசுகிறது. அங்கே நம் கரையின் சாட்சியம் போய்ச் சேர வேண்டும்.

கூட்டுப் பணி மெதுவாகத்தான் நகரும். பல தலைவர்களின் ஒப்புதல் வேண்டும். இருந்தாலும் மணலுக்காக நான் கேட்பது கூட்டுக் குரலையே. முதலில் கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களில் உள்ள சபைகள் ஒரே மேசையில் உட்காரட்டும்.