தி ஹூ – ஐல் ஆஃப் வைட் 1970 சிடி வாங்குபவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்து ராக் இசைக்குழுவான தி ஹூ, 1970-ல் அந்நாட்டின் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த இசை விழாவில் வாசித்த கச்சேரியின் சிடியை ஆன்லைனில் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ‘1996 அசல் பதிப்பு, இரண்டு சிடி, முழுக் கச்சேரி’ என்ற விளம்பரத்தை நம்பி, இங்கிலாந்தில் ஒரு விற்பனையாளருக்கு 35 பவுண்டு கட்டினேன். வந்தது ஒரே ஒரு சிடி.

அட்டை வீட்டு பிரிண்டரில் அடித்தது. எழுத்துகளின் ஓரமெல்லாம் மை கசிந்திருந்தது. சிடியின் அடிப்பக்கம் நீலப்பச்சையாக இருந்தது. கம்பெனி சிடி என்றால் வெள்ளி நிறத்தில் பளிச்சென்று இருக்கும். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் பதிப்பு எண் பொறித்திருக்கும். இதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. யாரோ கம்ப்யூட்டரில் காப்பி போட்டு விற்றிருக்கிறார்கள்.

சரி, பாட்டாவது இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஜான் என்ட்விசில் எழுதிய ‘ஹெவன் அண்ட் ஹெல்’லில்தான் அன்றைய கச்சேரி தொடங்கும். அதைக் காணோம். நேராக அவர்களின் ‘டாமி’ என்ற ராக் ஆபரா பகுதியில் ஆரம்பித்து, பாதியில் ஒரு பாட்டு துண்டாக நின்றுவிடுகிறது. முழுக் கச்சேரி சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். சாதாரண ஆடியோ சிடியில் 80 நிமிடம்தான் கொள்ளும். ஒரே சிடியில் முழுக் கச்சேரி என்று யார் சொன்னாலும் பொய்.

குழுவின் டிரம்மர் கீத் மூனின் டிரம்ஸைக் கேட்கத்தான் இதை வாங்கினேன். ஆகஸ்ட் 30 அதிகாலையில், தூக்கத்தை மறந்த பெருங்கூட்டத்தின் முன்னால் அந்த மனிதர் அடித்த அடி! இந்த காப்பியில் டிரம்ஸின் சிம்பல் (உலோகத் தட்டு) சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல் குழைகிறது. சுருக்கிய எம்பி3 கோப்பிலிருந்து எடுத்தது போலிருக்கிறது.

விற்றவரிடம் கேட்டால், “1970-ல் பதிவு செய்தது, அப்படித்தான் இருக்கும்” என்கிறார். அப்பட்டமான பொய். நண்பர் வீட்டில் அசல் பதிப்பைக் கேட்டிருக்கிறேன். கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும்.

அப்புறம் இன்னொன்று. இதே கச்சேரியின் இசைத்தட்டை ‘1970 முதல் பதிப்பு’ என்று பெரிய விலைக்கு விற்கிறார்கள். முழுக் கச்சேரி அதிகாரபூர்வமாக வெளியானதே 1996-ல்தான். வாங்கும் முன் சிடியின் அடிப்பக்கத்தையும் வளையத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். பணம் கட்டிய கார்டு கம்பெனியில் புகார் கொடுத்த பிறகே என் பணம் திரும்பி வந்தது. அந்த விளம்பரம் இன்னும் எடுக்கப்படவில்லை.