எல்கேஜி டப்பாவுக்கு எது சரி: சப்பாத்தியா, கலந்த சாதமா, பொடி இட்லியா?

காலை 7.30 மணிக்கு நான் மூடுகிற டப்பாவை என் மகள் மதியம் 12.15-க்குத்தான் திறக்கிறாள். சாப்பிட இருபது நிமிஷம். ஊட்டிவிட ஆள் கிடையாது. அதனால் எதில் சத்து அதிகம் என்று மட்டும் பார்த்தால் போதாது. நாலு வயசுக் கை தானே எடுத்துச் சாப்பிட வேண்டும், மதியம் வரை கெடாமலும் இருக்க வேண்டும்.

முதலில் சப்பாத்தியைத்தான் நம்பினேன். முழுக் கோதுமையில் நார்ச்சத்து உண்டு, வெள்ளை அரிசியைவிடப் புரதமும் கூடுதல். ஆனால் சூடாக மூடினால் வேர்த்து நசநசக்கிறது, ஆறவிட்டால் ஓரம் விறைக்கிறது. நடுப்பகுதியை மட்டும் கடித்துவிட்டு ஓரத்தை வளையம் வளையமாகத் திருப்பிக் கொண்டுவருவாள். பால் பல்லால் மென்று முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பால் விட்டு மாவு பிசைந்து, துருவிய பனீர் வைத்துச் சுருட்டி, சிறு துண்டாக வெட்டினால் ஓரளவு போகிறது. வாரம் ஒரு நாள், அவ்வளவுதான்.

கலந்த சாதம் என்றாலே எல்லார் கையும் எலுமிச்சை சாதத்துக்குப் போகிறது. அம்மாவுக்குச் சுலபம், உண்மைதான். ஆனால் அதில் சாதமும் எண்ணெயும் போக மிஞ்சுவது தாளிப்பில் விழுந்த கொஞ்சம் பருப்பும் வேர்க்கடலையும்தான். வேர்க்கடலையை முழுசாகப் போடவே கூடாது. ஐந்து வயசுக்குள் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. பொடித்துப் போடுங்கள். சத்து என்று பார்த்தால் நெய் விட்ட பருப்பு சாதம்தான் மேல். அரிசியில் குறைகிற லைசின் என்ற புரதக் கூறைப் பருப்பு ஈடுகட்டுகிறது. மதியத்துக்குள் இறுகிவிடும் என்பதால் தளரத் தளரப் பிசைய வேண்டும். தயிர் சாதத்துக்குக் குழைந்த சாதத்தில் பால் நிறைய, தயிர் ஒரே ஸ்பூன்; சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் உறைந்திருக்கும். ராத்திரி வெளியே இருந்த சாதத்தை மட்டும் கட்டிக் கொடுக்காதீர்கள். அதில் பெருகும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

என் ஓட்டு பொடி இட்லிக்கு. அரிசியும் உளுந்தும் சேர்ந்து புளித்த மாவு, ஆவியில் வெந்தது, அதிகம் மெல்ல வேண்டாம், கையிலும் ஒட்டாது. வெயிலில் தேங்காய்ச் சட்னி ஊசிப்போகும்; பொடிக்கு அந்தக் கவலை இல்லை. மிளகாய் குறைத்து, எள் கூட்டித் தனியாக ஒரு பொடி இடித்து வைத்திருக்கிறேன். இட்லி வெதுவெதுப்பாக இருக்கும்போதே நாலாக வெட்டி, நல்லெண்ணெயில் பொடியைக் குழைத்துப் புரட்டிவிட்டால் மதியம் வரை பஞ்சு மாதிரி இருக்கிறது. இதில் குறை, காய்கறி இல்லாததுதான். மாவில் கேரட் துருவிப் போடுகிறேன், பக்கத்தில் ஒரு அவித்த முட்டை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். அரசுப் பள்ளிச் சத்துணவிலேயே முட்டை போடுகிறார்கள், நம் டப்பாவில் மட்டும் ஏன் விடுபட வேண்டும்?

டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் பருப்பு சாதத்தைச் சுடச்சுட எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி அனுப்பினேன். ஆற ஆற மூடி உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் டப்பா நிறையச் சாதம் அப்படியே திரும்பி வந்தது. "மூடி வரலம்மா" என்றாள். அன்றைக்கு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இப்போதெல்லாம் ஆறவிட்டு மூடியதும் அவள் கையிலேயே கொடுத்து ஒரு தடவை திறக்கச் சொல்கிறேன். திறந்தால்தான் டப்பா பைக்குள் போகும்.