டாட் ஐஓ டொமைன்: பத்து வருஷ அனுபவமும், தண்ணி டேங்க் மேல இருக்கற எங்க அட்ரஸும்

2015ல பெங்களூர் பீன்யால ஒரு சின்ன ஷெட் எடுத்து நானும் காலேஜ் ஃப்ரெண்டும் அபார்ட்மெண்ட்டுக்கு வாட்டர் லெவல் கன்ட்ரோலர் பண்ண ஆரம்பிச்சோம். கம்பெனி பேருக்கு டொமைன், அதாவது இன்டர்நெட் அட்ரஸ், டாட் காம்ல பாத்தா எவரோ வாங்கி வச்சுக்கிட்டு ஒன்றரை லட்சம் கேட்டாரு, டாட் ஐஓ (.io) காலியா இருந்துச்சு, எலக்ட்ரானிக்ஸ் படிச்சவனுக்கு ஐஓன்னா இன்புட் அவுட்புட்தானே, இத விட பொருத்தமா வேற என்ன கெடைக்கும்னு ரெண்டாயிரத்துச் சொச்சம் கட்டி வாங்கிட்டோம். அந்த ரெண்டு எழுத்து இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ஒரு தீவுக்கூட்டத்தோட நாட்டுக் குறியீடுன்னு அன்னிக்கி ரெண்டு பேருக்குமே தெரியாது.

தினசரி உபயோகத்துக்கு பெருசா குறை சொல்ல முடியாது. மெயில் ஒழுங்கா போகும் வரும், டெக் ஆளுங்ககிட்ட ஒரு மதிப்பு இருந்துச்சு. ஆனா நம்ம கஸ்டமர் பாதிப் பேர் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி, ரிட்டயர்டு ஆளுங்க, போன்ல மெயில் ஐடி சொன்னா "ஐயோ"ன்னே எழுதிக்குவாங்க, சில பேர் பின்னாடி ஒரு டாட் காம் சேத்துடுவாங்க, கொட்டேஷன் கேட்டு அனுப்புன மெயில் வராமலே போயிருக்கு. ரினியூவல் விலையும் வருஷா வருஷம் ஏறுச்சு, போன தடவை கட்டுனது ஐயாயிரத்துக்கு மேல. நாட்டு டொமைன்களோட விலைய ஐகான், அதாவது உலக அளவுல டொமைன் பேர்கள ஒருங்கிணைக்கற அமைப்பு, கட்டுப்படுத்தறது இல்ல, அந்த டொமைன நடத்தறவங்க வச்சதுதான் விலை, இத வாங்குறதுக்கு முன்னாடி யாரும் எங்களுக்குச் சொல்லல.

2017 செப்டம்பர்ல ஒரு நாள் டாட் ஐஓவோட மேல்மட்ட நேம்சர்வர்லயே (எந்த டொமைன் எங்க இருக்குன்னு வழி சொல்ற சர்வர்) கோளாறு, உயிரோட இருக்கற டொமைனயே "அப்படி ஒண்ணு இல்ல"ன்னு பதில் சொல்லிட்டு இருந்துச்சு. கொஞ்ச மணி நேரந்தான். எங்க சர்வர் நல்லா ஓடுது, இன்டர்நெட் இருக்கு, ஆனா டேங்க் எல்லாம் டாஷ்போர்டுல வரிசையா ஆஃப்லைன் ஆகுது, ஒயிட்ஃபீல்ட்ல இருந்து போன் மேல போன். நாங்க பண்ற தப்பு எதுவும் இல்லாமலே நம்ம சிஸ்டம் விழலாம்னு அன்னிக்கித்தான் புரிஞ்சுது.

அப்புறம் 2024 அக்டோபர் 3. ஐஓ குறியீட்டுக்குச் சொந்தமான அந்த சாகோஸ் தீவுகள மொரீஷியஸ்கிட்ட ஒப்படைக்கப் போறோம்னு பிரிட்டன் அறிவிச்சுது, 2025 மே 22ல ஒப்பந்தத்துல கையெழுத்தும் ஆச்சு, அதுல இருக்கற டியேகோ கார்சியா ராணுவத் தளம் மட்டும் பிரிட்டனுக்கு 99 வருஷக் குத்தகை. ஃப்ரெண்டு காலையிலேயே போன் பண்ணிட்டான், "மச்சான், நம்ம டொமைன் போயிடுமாடா?"

உடனே போகாது. அந்தத் தீவுகளுக்கான ஐஓங்கற குறியீடு ஐஎஸ்ஓ 3166ங்கற சர்வதேச நாட்டுக் குறியீட்டுப் பட்டியல்ல இருக்கு, அந்தப் பட்டியல்ல இருந்து அத எடுத்தாத்தான் ஐகான் பக்கம் வேலை ஆரம்பிக்கும், 2022ல கொண்டு வந்த விதிப்படி நோட்டீஸ்ல இருந்து 5 வருஷம், கேட்டு வாங்குனா மொத்தம் 10 வருஷம் வரைக்கும் போகலாம். இதெல்லாம் நடந்தாத்தான், நடக்காமலும் போகலாம். சோவியத் யூனியன் 1991லயே போச்சு, அதோட டாட் எஸ்யூ அதுக்கப்புறமும் முப்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. ஆனா யூகோஸ்லாவியாவோட டாட் ஒய்யூ 2010ல எடுத்துட்டாங்க, கிழக்கு திமோரோட பழைய டாட் டிபி 2015ல போச்சு. பிரிட்டன் ஆளுங்க ஐரோப்பிய யூனியனோட டாட் ஈயூ வச்சிருந்தாங்களே, ப்ரெக்ஸிட்டோட இடைக்காலம் முடிஞ்ச உடனே 2021 ஜனவரி 1ல தகுதி இல்லாதவங்க டொமைன் சஸ்பெண்ட் ஆச்சு, மெயிலும் சேத்துத்தான். அதனால பத்து வருஷம் இருக்கேன்னு உக்காந்திருக்க எனக்கு மனசு வரல.

வெப்சைட் மட்டும்னா நான் இவ்வளவு எழுதவே மாட்டேன், புது டொமைன் வாங்கி ரீடைரக்ட் போட்டா முடிஞ்சுது. எங்க பிரச்சன ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள்ளயே பதிச்சு வச்ச சாஃப்ட்வேர். மொட்டை மாடி டேங்க்ல மாட்டுன பெட்டிக்குள்ள சர்வர் அட்ரஸ் டாட் ஐஓன்னு பதிச்சு வச்சிருக்கோம். 2018க்கு அப்புறம் போட்டதுக்கு காத்து வழியா அப்டேட் அனுப்பிடலாம், அதுக்கு முன்னாடி போட்ட 640 பெட்டிக்கு அந்த வசதியே இல்ல, ஆள் மேல ஏறி மூடிய கழட்டி கேபிள் போட்டுத்தான் மாத்தணும். டேங்க் நெறஞ்சா மோட்டார் ஆஃப் ஆகறது பெட்டிக்குள்ளயே நடந்துடும், ஆனா சம்ப்ல (தரைக்குக் கீழ இருக்கற தொட்டி) தண்ணி கொறையுதுன்னு செக்ரட்டரிக்கு மெசேஜ் போறது சர்வர் வழியாத்தான். 2024 மார்ச்ல பெங்களூர்ல போர்வெல் எல்லாம் வத்துனப்ப அந்த மெசேஜ் பாத்துத்தான் ராத்திரியே டேங்கர் புக் பண்ணுனாங்க.

இதுல இன்னொரு வெனை இருக்கு, பல பேர் யோசிக்கறதில்ல. விலை ஏறுதேன்னு டொமைன விட்டுட்டோம்னா வேற எவனாவது அத வாங்கலாம், அப்ப எங்க பெட்டி எல்லாம் அவன் சர்வருக்குப் போய் நிக்கும். கடைசிப் பெட்டி மாத்துற வரைக்கும் எவ்வளவு கேட்டாலும் கட்டித்தான் ஆகணும்.

அதனால போன வருஷம் இந்தியாவோட டாட் இன் ஒண்ணு வாங்குனோம். ரினியூவல் ஆயிரத்துக்குள்ள. அதுல ஓனர் விவரத்த மறைக்கற ப்ரைவஸி சர்வீஸ் அனுமதி கெடையாது, அதனால கம்பெனி பேர்ல, ஆபீஸ் நம்பர்ல பதிவு பண்ணிட்டோம். முதல்ல மாத்துனது மெயில். பேங்க், ஜிஎஸ்டி, கிளவுட் அக்கவுண்ட் எல்லாமே பழைய மெயில்ல கெடந்துச்சு, டொமைன் வாங்குன ரிஜிஸ்ட்ரார் கம்பெனி அக்கவுண்ட்டோட லாகின் மெயிலே அதே டாட் ஐஓ அட்ரஸ்! டொமைன் நின்னா டொமைன மீட்க ஓடிபி கூட வராது. நீங்களும் மொதல்ல இத செக் பண்ணிடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

இதுக்காகப் படிக்கும்போதுதான் அந்தத் தீவோட கதை தெரிஞ்சுது. அங்க இருந்த சனங்கள 1960கள் கடைசில இருந்து 1973க்குள்ள மொத்தமா வெளியேத்தி மொரீஷியஸ்லயும் சீஷெல்ஸ்லயும் எறக்கி விட்டிருக்காங்க. 2021 அக்டோபர்ல இலங்கைத் தமிழ் அகதிங்க வந்த படகு தத்தளிச்சு, அவங்கள அதே டியேகோ கார்சியால கொண்டு போய் சேத்தாங்க, டென்ட்ல மூணு வருஷம் கெடந்து 2024 டிசம்பர்லதான் பெரும்பாலானவங்கள பிரிட்டன் கூட்டிட்டுப் போனாங்க. அந்தச் செய்திய நான் அப்பவே படிச்சிருக்கேன், அது நம்ம மெயில் ஐடில இருக்கற தீவுன்னு தெரியாமலே படிச்சிருக்கேன். டொமைன் போயிடுமோன்னு நாம பயப்படறோம், அந்த ஊர்க்காரங்க வீடே போயி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இனிமே இந்த டொமைன்ல வர்ற பணத்துல அவங்களுக்கு ஒரு பங்கு போகுதுன்னு சொன்னா, நான் கட்டுற ஐயாயிரம் எனக்கு வலிக்காது.

பெட்டி மாத்துற வேலை ஜனவரில ஆரம்பிச்சோம். ஒரு நாளைக்கு ஏழு, எட்டுதான் முடியுது, செக்யூரிட்டிகிட்ட பாஸ் வாங்கணும், மாடிச் சாவி யார்கிட்டன்னு தேடணும். நேத்து கூட மாரத்தஹள்ளில இருந்து டெக்னீஷியன் தம்பி கூப்பிட்டான், "அண்ணே, இங்க டேங்க்குக்கு ஏணியே இல்லண்ணே". வாடகைக்கு ஏணி எடுத்து ஏறச் சொன்னேன். இன்னும் 212 பாக்கி, சர்ஜாபூர் ரோடு பக்கம் மழை விட்டதும் போறோம்.