மீன்களுக்கான கையடக்கச் சில்லு வாசிப்பான்: ஆய்வுகூடத்துக்குப் போதும், அணைக்குப் போதாது

கொழும்பில் ஆய்வுகூட உபகரணங்கள் விற்கும் கடையொன்றின் மூலம் தருவித்த இந்த வாசிப்பான், மீனின் உடலுக்குள் செலுத்தப்படும் 12 மில்லிமீற்றர் நீளமான கண்ணாடிச் சில்லின் இலக்கத்தை 134.2 கிலோஹேட்ஸ் அதிர்வெண்ணில் படிக்கிறது. சில்லில் மின்கலம் இல்லை. வாசிப்பானின் காந்தப்புலமே அதற்கு வேண்டிய சக்தியை ஊட்டுவதால், மீன் வாழும் காலம் முழுவதும் அது பயன்படக்கூடியது. தொட்டியிலிருந்து எடுத்த விலாங்கின் வயிற்றருகே பிடித்தவுடன் 15 இலக்கங்களும் திரையில் தெளிவாகத் தோன்றுகின்றன.

ஆயினும், அணையைக் கடக்கும் மீன்களைக் கண்காணிக்க இது உதவும் என்ற விற்பனையாளரின் கூற்றை ஏற்க இயலவில்லை, ஏனெனில் இது சில்லைப் படிக்கக்கூடிய தூரம் சில சென்ரிமீற்றர்கள் மாத்திரமே. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1938 முதல் மின்னுற்பத்தி செய்துவரும் பொன்னவில் அணையில், சால்மன் மீன்கள் அணையைத் தாண்டி மேலேறுவதற்காகப் படிபடியாக அமைத்த நீர்வழிகளான மீன்படிகளிலும், கடல்நோக்கி இறங்கும் குஞ்சுகள் மின்னைப் பிறப்பிக்கும் சுழலிகளைத் தவிர்த்துச் செல்லும் கால்வாயிலும் பெரிய அன்ரெனாக்களை நிலையாகப் பொருத்தியே, குறியிட்ட மீன்களின் இலக்கத்தையும் கடந்த நேரத்தையும் பதிவுசெய்கிறார்கள். சுழலிக்குள்ளேயே புகுந்து செல்லும் மீன்களைத் தொடர, மின்கலத்தின் சக்தியால் தாமே ஒலிச் சைகைகளை அனுப்பும் ஒலிச்சில்லுகள் தேவைப்படுகின்றன.

மின்கல மூடி சற்றுத் தளர்வானது. தோணியில் எடுத்துச் செல்பவர்கள் நீர்புகா உறையொன்றையும் சேர்த்து வாங்குவது நல்லது.