பெட்ஃபோர்ட் லொறிக்கு மாற்று எஞ்சின்: பெர்கின்ஸா, இசுசுவா?

அப்பாவின் பெட்ஃபோர்ட் ஜே லொறி வத்தளையில் மாமா வீட்டு மாமரத்தடியில் பன்னிரண்டு வருடம் நின்றது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் பருப்பும் ஏற்றிக்கொண்டு கண்டி, மாத்தளை என்று போய்வந்த வண்டி. கடைசி ஓட்டத்தில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட் முறிந்து, எஞ்சின் புளொக்கின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கை நுழைகிற ஓட்டை. "வெல்ட் பண்ணலாம்" என்று சொன்னவர்கள் நிறைய. "நான் பண்ணித் தருகிறேன்" என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆக, வேறு எஞ்சின்தான். பஞ்சிகாவத்தையில் இறங்கிக் கேட்டால் பத்துக் கடைக்காரர் பத்து எஞ்சின் சொல்வார்கள். அவரவர் கடையில் கிடப்பதைத்தான் சொல்கிறார்கள் என்பது இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. மாளிகாவத்தையில் லொறி வேலை பார்க்கும் நானா ஒருவர் மட்டும் எஞ்சின் பெயரே சொல்லாமல், "வண்டி எதுக்கு தம்பி?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. கூலிக்கு ஓடப்போவதில்லை. வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆடிவேல் திருவிழா அன்று செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேருக்குப் பின்னால் மோர்ப் பானைகளோடு நடை வேகத்தில் ஊர வேண்டும். வருடத்தில் ஒரு தரமாவது கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏற வேண்டும். இவ்வளவுதான்.

அடுத்து நானா செய்யச் சொன்ன வேலைக்குக் காசு செலவில்லை. பின் அச்சின் இரண்டு பக்கமும் ஜக் வைத்துத் தூக்கி, இரண்டு சில்லையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றி, கியர் பொக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுப் போகிறது என்று சோக்கட்டியால் கோடு போட்டு எண்ணினேன். ஆறேகால். (ஒரு சில்லை மட்டும் தூக்கினால் டிஃபரென்ஷல் கணக்கைப் பாதியாக்கிவிடும், அந்தச் சில்லை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும்.) டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3 மீட்டர் உருளும். டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் மணிக்கு 80 கிலோமீட்டர். 2,200 என்றால் 63. குதிரைத்திறனைப் பார்த்து எஞ்சின் வாங்குவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பழைய லொறியின் பின் அச்சு, மெதுவாகச் சுற்றித் தம் பிடித்து இழுக்கும் எஞ்சினுக்காகச் செய்தது. வேகமாகச் சுற்றினால்தான் பலம் வரும் எஞ்சினை அங்கே வைத்தால் வண்டி ஓடும். ஆனால் கியரைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் பெட்ரோல். 1958இல் வந்த இந்த ஜே வரிசையில் 214, 300 என்று கன அங்குலக் கணக்கில் இரண்டு ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள் உண்டு. என்னுடையது 300, அதாவது 4.9 லீட்டர். அதே எஞ்சின் இன்னொன்று கிடைத்தால் எதையும் வெட்ட வேண்டாம், மாற்ற வேண்டாம். பெட்ரோல் குடிக்கும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். கணக்குப் பார்ப்போம்: லீட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு 250 லீட்டர். டீசலில் 6 கிலோமீட்டர் கிடைத்தால் 167 லீட்டர். மிச்சம் வருடத்துக்கு 83 லீட்டர். இந்த மிச்சத்தை நம்பி டீசலுக்கு மாறினால் செலவழித்த காசைத் திரும்பப் பார்க்க என் பேரன் காலம் வரும். ஈயமில்லாத பெட்ரோலுக்கு வால்வு சீட் மாற்ற வேண்டும். அது லேத்தில் முடிகிற வேலை. எனக்குக் குறுக்கே நின்றது எண்ணெய்ச் செலவு இல்லை, எஞ்சினேதான். பார்த்தது இரண்டு. ஒன்று ஏற்கெனவே சிலிண்டரைக் கடைசி அளவு வரை போர் பண்ணி அகலமாக்கியது. மற்றது கிராங்க் இல்லாத வெற்றுப் புளொக். உங்களுக்கு நல்லது ஒன்று அகப்பட்டால் மேலே படிக்காமல் வாங்கிவிடுங்கள்.

பெட்ஃபோர்டின் சொந்த டீசல்கள், அதே கன அங்குலக் கணக்கில், 300, 330. அந்த வண்டிக்கென்றே செய்தவை. பாகிஸ்தானில் சித்திரம் வரைந்த பெட்ஃபோர்ட் லொறிகள் இன்னும் ஓடுவதால் பார்ட்ஸ் உலகத்தில் இல்லாமல் போகவில்லை. ஆனால் கொழும்பில் முழு எஞ்சினாக ஒன்று என் கண்ணில் படவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மிஞ்சியது நிஜமான போட்டி: இசுசு 4பிடி1, பெர்கின்ஸ் 6.354.

இசுசுதான் ஊரில் எல்லாருடைய பதிலும். எல்ஃப் லொறியில் வந்த 3.9 லீட்டர் நாலு சிலிண்டர், நூறு குதிரைத்திறன் அளவு. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வரும். கியர் பொக்ஸோடும் வாங்கலாம். கேஸ்கட்டிலிருந்து பிஸ்டன் வரை நடந்து போய் வாங்கிவரலாம், ஞாயிறு தவிர. டைமிங் பெல்ட் கிடையாது, கியர்தான். இன்ஜெக்டர் பம்ப் வரிசைப் பம்ப். எஞ்சின் ஒயிலிலேயே அதற்கும் மசகு. நமது ஊர் டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் ஓரளவு தாங்கும். இன்னொரு வேடிக்கை: பெட்ஃபோர்டின் தாய்க் கம்பனி வொக்ஸ்ஹோலை ஜெனரல் மோட்டர்ஸ் 1925இல் வாங்கியது, 1971இல் இசுசுவிலும் பங்கு வாங்கியது. ஆக இரண்டும் ஒரு வகையில் சித்தப்பா பிள்ளைகள். அந்நியன் எஞ்சினை வைத்துவிட்டாய் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில். எல்ஃப் 24 வோல்ட், என் வண்டி 12. வயர், பல்ப், மீட்டர் எல்லாம் மாற்றலாம், அல்லது ஸ்டார்ட்டரையும் ஒல்டர்னேட்டரையும் 12க்கு மாற்றலாம். இரண்டாவது சுலபம் போலத் தெரியும். அங்கேதான் பொறி. பழைய பெட்ரோல் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் வெற்றிடத்தால்தான் இந்த லொறியின் பிரேக் சேர்வோ, அதாவது கால் மிதிக்குப் பலம் கூட்டும் பகுதி, வேலை செய்தது. டீசலில் அந்த வெற்றிடம் இல்லை, தனிப் பம்ப் வேண்டும். இசுசுவில் அந்தப் பம்ப் ஒல்டர்னேட்டரின் முதுகில் இருக்கிறது. 24 வோல்ட் ஒல்டர்னேட்டரைக் கழற்றி வீசினால் பிரேக்கின் பலத்தையும் சேர்த்து வீசுகிறோம். என் உறவினர் ஒருவர் தன் பெட்ஃபோர்டுக்கு இசுசு போட்டபோது வேலை பார்த்த கராஜ் இதைச் செய்து, வண்டியைக் கையில் கொடுத்தும் விட்டது. கராஜிலிருந்து வெளியே வந்து முதல் இறக்கத்தில், இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து நின்றிருக்கிறார். பம்போடு கூடிய 12 வோல்ட் ஒல்டர்னேட்டர் சின்ன டீசல் வான்களில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். டீசல் மாற்றம் பேச வருகிறவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "பிரேக்குக்கு வெற்றிடம் எங்கிருந்து வரும்?" பதில் தடுமாறினால் வேறு கராஜ் பாருங்கள்.

அப்புறம் அதன் குணம். இசுசு 3,000 சுற்றுக்கு மேலும் சந்தோஷமாக ஓடும். ஆனால் கீழே 1,200இல் ஆறு சிலிண்டர் இழுக்கிற மாதிரி இழுக்காது. அந்த உறவினரின் லொறியில் கடுகண்ணாவை ஏறிப் பார்த்தேன். ஏறியது. கை கியரிலேயே இருந்தது. ஐட்லிங்கில் போனட்டும் மட்கார்டும் நடுங்கின. ஆடிவேல் தேருக்குப் பின்னால் மூன்று மணி நேரம் அந்த நடுக்கத்தோடு உட்கார்ந்திருக்க எனக்கு மனமில்லை.

பெர்கின்ஸ் 6.354. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: ஆறு சிலிண்டர், 354 கன அங்குலம், அதாவது 5.8 லீட்டர். 1960இல் வந்தது, என் லொறியின் வயதுதான். அந்தக் காலத்திலேயே லொறிக்காரர்கள் பெட்ரோலை எடுத்துவிட்டுப் பெர்கின்ஸ் போடுவது வழக்கம். 1950களின் பெட்ஃபோர்டுகளில் கம்பனியே பெர்கின்ஸ் பி6 போட்டுக் கொடுத்தது. 110 முதல் 120 குதிரைத்திறன், உச்சம் 2,800 சுற்று. நான் சோக்கட்டியால் போட்ட கணக்கில் அது 80 கிலோமீட்டர். இந்தப் பிரேக்கோடு அதற்கு மேல் போக எனக்குத் தைரியமும் இல்லை. இழுவையின் உச்சம் 1,400, 1,500 சுற்றிலேயே வந்துவிடும். ஆறு சிலிண்டர் இருந்த இடத்தில் ஆறு சிலிண்டர் என்பதால் போனட்டுக்குள் நீளம் அடங்குகிறது. ரேடியேட்டரைத் தள்ள வேண்டியதில்லை. ஃப்ளைவீல் வீடு பொது அளவில் இருப்பதால் எஞ்சினைக் கியர் பொக்ஸோடு பொருத்தும் அடாப்டர் தட்டு செய்வது லேத்காரருக்குப் புதிதல்ல.

பெர்கின்ஸிலும் தொல்லை உண்டு. முதலாவது ஒயில். பழைய பெர்கின்ஸில் கிராங்கின் பின்பக்கம் ஒயிலைத் தடுக்கும் சீல் கயிறால் ஆனது. எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் கொஞ்சம் கசியும். நானா இதை ஒழுக்கு என்று ஒத்துக்கொள்ளமாட்டார். "ஒயில் இருக்குன்னு சொல்லுது தம்பி" என்பார். இரண்டாவது பெரியது: இதன் இன்ஜெக்டர் பம்ப் சி.ஏ.வி.யின் ரோட்டரிப் பம்ப். அதற்கு மசகு டீசல்தான், வேறு ஒயில் இல்லை. டீசலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் உள்ளே தேயும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் இறுகிப்போகும். என் வண்டி நிற்கப்போகிற வண்டி. ஆகவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவதும் கட்டாயம். இந்த விஷயத்தில் இசுசு தெளிவாக மேல்.

மூன்றாவது, எங்கிருந்து வாங்குவது. 6.354 படகிலும் ஜெனரேட்டரிலும் உழைத்த எஞ்சின். நீர்கொழும்புப் பக்கம் படகிலிருந்து இறக்கிய ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு முற்பணமும் கொடுத்துவிட்டேன். வெளியே புதுப் பெயின்ற், மணமகள் மாதிரி. நானா வந்து புளொக்கின் தட்டு மூடி ஒன்றை ஸ்க்ரூட்ரைவரால் தட்டினார். அது உள்ளே விழுந்துவிட்டது. உள்ளே உப்பு, களிமண் மாதிரி. முற்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அதன் பிறகு ஜெனரேட்டர் எஞ்சினாகத் தேடினோம். அது ஒரே வேகத்தில் ஓடியிருக்கும், வெயிலும் உப்பும் பட்டிருக்காது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மட்டும் லொறிக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

பெர்கின்ஸ் 4.236 போடலாமே என்று கேட்பவர்களுக்கு: 6.354இன் அதே போர் (சிலிண்டரின் உள் அகலம்), அதே ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), இரண்டு சிலிண்டர் குறைவு. மெஸ்ஸி ஃபெர்கியூசன் டிரக்டர்களில் வந்ததால் இதைத் தெரியாத மெக்கானிக் பாஸ் இல்லை. மூன்று டன் ஏற்றும் சின்ன வண்டிக்குச் சரி. என் வண்டிக்குச் சிறிது. டொயோட்டா 14பி நல்ல எஞ்சின், ஆனால் 3.7 லீட்டர், இசுசுவுக்குச் சொன்ன குறை இதற்கும். டாடா 1210இன் ஆறு சிலிண்டர் பென்ஸ் வம்சம், பலசாலி. ஆனால் என் போனட்டுக்குள் அதை இறக்க ஃபயர்வோலை வெட்ட வேண்டியிருந்தது. வாள் வைக்கிற வேலை என்றதும் விட்டுவிட்டேன்.

கடதாசி வேலையை மறக்காதீர்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். பெட்ரோல் டீசலானால் அதையும். பற்றுச்சீட்டு இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இலக்கம் கிரைண்டரால் தேய்த்திருந்தால் கடையை விட்டே வந்துவிடுங்கள். புகைப் பரிசோதனையும் உண்டு; இன்ஜெக்டர் நொசில்களைக் கழற்றிச் சோதித்த பிறகே பூட்டுங்கள்.

கூலிக்கு ஓடும் வண்டியாக இருந்தால் யோசிக்காமல் இசுசு போட்டிருப்பேன். என் தேவைக்குப் பெர்கின்ஸ் 6.354 எடுத்தேன், ஜெனரேட்டர் எஞ்சின், பற்றுச்சீட்டோடு. இப்போது அது கராஜில் இரண்டு ரயில் சிலீப்பர் கட்டையில் நிற்கிறது. எஞ்சினடியில் ஒயில் நிற்கும் சம்பின் பள்ளம் முன் அச்சில் இடிப்பதால் லொறிச் சம்ப் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். அடாப்டர் தட்டு ஆமர் வீதியில் லேத்தில் கிடக்கிறது. ஆடிவேலுக்கு முன்னால் முடியுமா என்று போன கிழமை நானாவிடம் கேட்டேன்.

"எந்த வருஷத்து வேல் தம்பி?" என்றார்.